மோவாய் இம்ப்ளான்ட்: முதலில் பல் கடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மோவாய் உள்வாங்கியிருக்கிறதா, ஒரு சிலிக்கோன் துண்டை (இம்ப்ளான்ட்) வைத்தால் முகம் எடுப்பாகிவிடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இது எல்லோருக்கும் பொருந்தாது.

சிலருக்குத் தாடை சரியான இடத்தில்தான் இருக்கும். மோவாய் எலும்பு மட்டும் சிறுத்திருக்கும். சிலருக்குக் கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கியிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பல்லைக் கடிக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும். கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தி, மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 2, 3 மி.மீ. மட்டும் முன்னே நின்றால் இம்ப்ளான்ட் போதும். அந்த இடைவெளி 7, 8 மி.மீ. என்றால் தாடையே பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு வேண்டியது பல் சீரமைப்பும் தாடையை முன்னகர்த்தும் அறுவையும். இம்ப்ளான்ட் அந்தக் குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: நாக்குத் தசை மோவாய் எலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது, இம்ப்ளான்ட் உட்காருவதோ வெளிப்புறத்தில். அதனால் நாக்கு முன்னே வராது, மூச்சுப்பாதை துளியும் அகலாது.

உதட்டை மூடும்போது மோவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் உதடு சேரவே தசை சிரமப்படுகிறது என்று பொருள். மோவாய் எலும்பையே வெட்டி நகர்த்துவதுதான் பல சமயம் அங்கே பொருத்தமாக இருக்கும்.

மோவாய்க்கு அடியில் 2, 3 செ.மீ. கீறியோ, கீழுதட்டின் உட்புறம் வழியாகவோ எலும்புச் சவ்வுக்கு அடியில் பை உண்டாக்கி இம்ப்ளான்டைச் செருகுவார்கள். தாடையின் தடித்த கீழ்விளிம்பில் அது உட்கார வேண்டும். மேலே ஏறிவிட்டால், பல் வேர்களுக்கு முன்னுள்ள மெல்லிய எலும்பு அழுத்தத்தில் நாளடைவில் கரையும். முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே வெளிவரும் நரம்பு இழுபட்டால் உதடு மரத்துப்போகும். தண்ணீர் குடிக்கையில் ஓரமாக வழிவதுகூடத் தெரியாது. பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் உணர்வு திரும்பும்; சிலருக்கு நிலைத்தும் விடுகிறது. வாய்வழி அறுவையில் பிரித்த மோவாய்த் தசையைத் திரும்பத் தைக்காவிட்டால் மோவாய் தொங்கி, கீழ்ப்பற்கள் வெளியே தெரியும். கிருமி தொற்றினால் இம்ப்ளான்டையே எடுக்க நேரலாம்.

நடுவில் மட்டும் பொத்தான்போல் நிற்கும் சிறு இம்ப்ளான்டின் ஓரம் புடைத்துத் தெரியும். இருபுறமும் நீண்டு மெலிவதே தாடையோடு இழையும். அளவிலும் பேராசை வேண்டாம். கீழுதட்டிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால் ஆண்களுக்கு மோவாய் அதைத் தொடலாம்; பெண்களுக்கு 1, 2 மி.மீ. உள்ளே நிற்பது அழகு.

பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்காமல், பல் கடியைப் பார்க்காமல், செல்ஃபியை வைத்தே அளவு சொல்பவரிடம் அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அருகில் பிடித்து எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகவும் மோவாய் சிறிதாகவும் விழும்.

இப்படிக்கு,
முகத்தாடை அறுவைத் துறை வாசகர்