பழைய லிங்க் எங்கே போய் நிற்கிறது? நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடைகளின் இணையதளங்களைப் புதிய தளத்துக்கு மாற்றிய பிறகு உங்களில் பலர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் பழைய முகவரியை அடித்து வைத்திருக்கிறோமே, அது இனி வேலை செய்யுமா?" செய்யும். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் ரீடைரக்டைப் போட்டிருக்கிறோம். ஆனாலும் எங்கள் பேச்சை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் குரோம் பிரவுசரிலேயே இதைச் சோதிக்கலாம். காசு கொடுத்து எதையும் வாங்கவோ, தனியாக எதையும் நிறுவவோ வேண்டாம்.

முதலில் புதிதாக ஒரு இன்காக்னிட்டோ விண்டோவை (முன்பு சேமித்ததைப் பயன்படுத்தாத தனி விண்டோ) திறந்துகொள்ளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். நிரந்தர ரீடைரக்ட் ஒன்றை ஒருமுறை பார்த்துவிட்டால் பிரவுசர் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். சர்வரில் (உங்கள் தளம் இருக்கும் கம்ப்யூட்டரில்) நாங்கள் மாற்றிய பிறகும் பழைய வழியிலேயே கூட்டிப்போகும். அப்புறம் எஃப்12 பட்டனை அழுத்தினால் பக்கத்திலோ கீழேயோ ஒரு பகுதி திறக்கும். அதில் 'நெட்வொர்க்' டேபுக்குப் போய் 'பிரிசர்வ் லாக்' என்பதில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வரிகள் அழிந்துபோகலாம். இப்போது பழைய முகவரியை, கார்டில் அச்சாகியிருக்கிறபடியே டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

வரிகள் மடமடவென்று வந்து விழும். படம், எழுத்துரு என்று எல்லாம் அதில் இருக்கும்; அவற்றை விட்டுவிட்டு உச்சியில் இருக்கும் வரிகளை மட்டும் பாருங்கள். முதல் வரியில் 'ஸ்டேட்டஸ்' என்பதற்குக் கீழே 301 என்று இருந்தால் ரீடைரக்ட் வேலை செய்கிறது. அந்த வரியைக் கிளிக் செய்தால் 'ஹெடர்ஸ்' பகுதியில் 'லொகேஷன்' என்று ஒன்று இருக்கும். சர்வர் பிரவுசரை எந்த முகவரிக்குப் போகச் சொன்னதோ, அது அங்கே முழுதாக இருக்கும். அடுத்த வரியில் 200 என்று வந்தால் பக்கம் கிடைத்துவிட்டது. 404 என்று வந்தால் இல்லாத பக்கத்துக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம், உடனே சொல்லுங்கள்.

301, 308 இரண்டும் நிரந்தர மாற்றம். 302, 307 தற்காலிகம். தீபாவளி ஆஃபர் பக்கத்துக்கு ஆட்களை அனுப்ப 302 சரி. முகவரியே மாறிவிட்ட இடத்தில் 301 போன்ற நிரந்தர மாற்றம் இருந்தால்தான் இனி புதிய முகவரியைக் காட்ட வேண்டும் என்று கூகுளுக்குத் தெளிவாகப் புரியும். சில சமயம் '307 இன்டர்னல் ரீடைரக்ட்' என்று தெரியும். அது சர்வர் அனுப்பியது அல்ல. பிரவுசரே பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாறிக்கொண்டது. பயப்பட வேண்டாம்.

எத்தனை முறை தாவுகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து மூன்று டபிள்யூ சேர்த்த முகவரி, அதன் பிறகே புதிய பக்கம் என்று போவது, நேர் பஸ் இருக்கும்போது மூன்று பஸ் மாறிப் போவது போல. சிக்னல் குறைவான இடத்தில் ஃபோனில் பார்ப்பவருக்கு ஒவ்வொரு தாவலும் கூடுதல் காத்திருப்பு. கூகுளின் தேடல் ரோபோ 10 தாவல் வரை பின்தொடரும், குரோம் 20-இல் நிறுத்திவிட்டு 'டூ மெனி ரீடைரக்ட்ஸ்' என்று காட்டும். நாங்கள் ஒன்று அல்லது இரண்டில் முடிக்கப் பார்க்கிறோம்.

பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். வேலை சுலபம்தான், ஆனால் நாங்கள் அதைச் செய்வதில்லை. ஒரு பட்டுப்புடவையின் லிங்கை வாட்ஸ்அப்பில் வாங்கித் திறப்பவர் அந்தப் புடவையைத்தான் தேடுவார். முகப்பில் கொண்டுபோய் விட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார். கூகுளும் அப்படிப்பட்ட ரீடைரக்டைப் பக்கம் இல்லாததற்குச் சமமாக நினைக்க வாய்ப்பு உண்டு.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. தளத்துக்குள் புகுந்த ஹேக்கர்கள், ஃபோனில் கூகுள் தேடல் வழியாக வருகிறவர்களை மட்டும் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடுவது உண்டு. கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் முகவரியை நேராக டைப் செய்து பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருக்கும். "உங்கள் சைட் என்னவோ மாதிரி போகிறதே" என்று யாராவது சொன்னால் அவர் ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவார். அப்படி யாராவது சொன்னால் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். அதே நெட்வொர்க் டேப் திறந்திருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம் தன்னை ஃபோனாகக் காட்டிக்கொள்ளும். இனி கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடி, அங்கே வரும் லிங்கைக் கிளிக் செய்து பாருங்கள். சம்பந்தமில்லாத டொமைன் (தளத்தின் பெயர்) ஏதாவது தெரிந்தால் இரவானாலும் எங்களைக் கூப்பிடுங்கள்.

ஃபோனில் எஃப்12 கிடையாது. முகவரியை ஒட்டினால் ஒவ்வொரு தாவலையும் காட்டும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. அவசரத்துக்கு அவை போதும். ஆனால் அவை தங்கள் சர்வரிலிருந்து சோதிக்கின்றன என்பதால் மேலே சொன்ன மாதிரி ஒளிந்திருக்கும் ரீடைரக்ட் அதில் சிக்காமல் போகலாம். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க், பணம் கட்டும் லிங்க் போன்றவற்றை அங்கே ஒட்டவே ஒட்டாதீர்கள்.

இன்னொன்று. பாக்கெட்டிலும் பையிலும் க்யூஆர் கோடு அடிக்கப் போகிறவர்கள், நீண்ட முகவரியைச் சின்னதாக்கித் தரும் இலவசச் சேவைகளின் சுருக்க முகவரியை வைத்து அடிக்காதீர்கள். கூகுளே நடத்திய கூ.ஜிஎல் சேவையில் 2019-க்குப் பிறகு புது லிங்க் உருவாக்க முடியவில்லை. பழையவற்றையும் 2025 ஆகஸ்ட் 25 அன்று நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். பின்னர் பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். உங்கள் டொமைனிலேயே ஒரு சின்ன முகவரியைக் கேளுங்கள், நாங்கள் போட்டுத் தருகிறோம். அது போகும் இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அச்சடித்ததைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

சோதித்துப் பார்த்ததில் ஏதாவது சரியில்லை என்றால், நீங்கள் டைப் செய்த முகவரியையும் நெட்வொர்க் டேபின் ஸ்கிரீன்ஷாட்டையும் நாம் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். ஸ்டேட்டஸ் எண்கள் படத்தில் தெரிந்தால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் இணையதளப் பராமரிப்புக் குழுவினர்