இடைமறிப்பு ட்ரோனுக்கான மோட்டாரைச் சேலத்தில் சுற்றலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வான் பாதுகாப்பு என்றாலே நம் நாளிதழ்களில் எஸ்-400 ஏவுகணையின் படம்தான் வருகிறது. 2025 மே மாதம் பாகிஸ்தான் ஒரே இரவில் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்களை ஏவியதாக அரசு தெரிவித்தது. அப்போது எல்-70, இசட்யு-23, ஷில்கா போன்ற பழைய பீரங்கிகளும் நன்றாகக் கைகொடுத்தன. ஈரானின் ஷாஹெத்-136 ட்ரோன் 20,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. அதன் மேல் அமெரிக்காவின் பேட்ரியாட் பிஏசி-3 வான் பாதுகாப்பு ஏவுகணையை ஏவினால், ஒன்றுக்கே ஏறத்தாழ 40 லட்சம் டாலர். இந்தக் கணக்கு எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது.

ஜாமர் வைத்தால் போதும் என்பவர்களும் உண்டு. ஜாமர் ரேடியோ கட்டுப்பாட்டையும் ஜிபிஎஸ்ஸையும்தான் குலைக்கும். கண்ணாடி இழைக் கேபிளை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோனிடம் அது பலிக்காது. உக்ரைன் போரில் இரு தரப்பும் இப்போது அவற்றைப் பயன்படுத்துகின்றன. எனவே மோதி வீழ்த்தும் மலிவான இடைமறிப்பு ட்ரோன்கள் வேண்டும். ஷாஹெத் மணிக்குச் சுமார் 185 கி.மீ. வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 3 கி.மீ. வருகிறது. தாழப் பறப்பதை ரேடார் தாமதமாகத்தான் பார்க்கும். சேர்வராயன் மலை போன்ற ஒன்று குறுக்கே நின்றால் பார்க்கவே பார்க்காது. 15 கி.மீ. தொலைவில் கண்டுபிடித்தாலும் கையில் இருப்பது ஐந்தே நிமிடம். இடைமறிப்பு ட்ரோன் மணிக்கு 300 கி.மீ. தொட்டாக வேண்டும். அந்த வேகத்துக்கு உயிர்நாடி மோட்டார்தான்.

இங்கேதான் சேலத்துக்கு வேலை இருக்கிறது. 2019-இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடத்தின் ஐந்து முனைகளில் நம் ஊரும் ஒன்று. பம்ப் மோட்டார் சுற்றும் கைகள் இங்கே உண்டு. ஆனால் பம்ப் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. 14 காந்த முனை கொண்ட ட்ரோன் மோட்டார் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றினால், அதன் இரும்பில் காந்தப்புலம் 3,500 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 3,500 சுழற்சியாக, மாறும். மோட்டாரின் இரும்பைத் தகடுகளாக அடுக்கித்தான் செய்வார்கள்; பம்புக்குப் போடும் 0.5 மி.மீ. தகட்டைப் போட்டால், இரும்புக்குள்ளேயே சுழன்று சூடேற்றும் சுழல் மின்னோட்டத்தில் மோட்டார் வெந்துவிடும், 0.2 மி.மீ. சிலிக்கான் ஸ்டீல் தகடு தேவை. தகட்டை வெட்டும் அச்சான டையின் முனை மழுங்கினால் தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும், தகடுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும், மெல்லிய தகடு போட்டதே வீண். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. 150 டிகிரி தாங்கும் எஸ்ஹெச் ரகம் வேண்டும். அதில் பெரும்பாலும் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் தனிமத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதன் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தது. காந்தத்துக்கு மட்டும் தில்லிதான் வழி காண வேண்டும். மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரை பேலன்ஸ் செய்யாவிட்டால் அதிர்வில் கேமரா படம் கலங்கி, இலக்கு கைநழுவும்.

பட்டறைக்காரர் இதையெல்லாம் கற்றுக்கொள்வார். தான் செய்தது சரியா என்று பார்க்கத்தான் அவருக்கு இடமில்லை. உந்துவிசை அளக்கும் மேடை, டைனமிக் பேலன்சிங் இயந்திரம், வெப்ப அறை மூன்றும் கொண்ட பொதுச் சோதனைக்கூடத்தைத் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ சேலத்தில் அமைக்க வேண்டும். மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டம் இத்தகைய கூடங்களுக்கு 75 சதவீதம் வரை மானியம் தர வகை செய்தது. சோதனையை ஏசி அறையில் நடத்தாமல், நம் சித்திரை வெயிலையும் மிஞ்சும் 45 டிகிரியில் நடத்தட்டும்.

டெண்டர் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மோட்டார் ஒரே ஒருமுறை, சில நிமிடம் மட்டுமே ஓடப் போகிறது. ஆயிரம் மணி நேரம் உழைக்கும் பேரிங்கைக் கேட்டால் விலை ஏறி, சிறு பட்டறைகள் வாசலிலேயே நின்றுவிடும். ஆயுளைக் குறைத்துக் கேளுங்கள். நூறு மோட்டாரும் ஒரே மாதிரி இழுக்கின்றனவா என்பதில் கறாராக இருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சூரமங்கலம், சேலம்.