குசினிக்கு முதலில் கல், பிறகு சுவர் ரைல்ஸ்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் புதிதாக எழும்பும் வீடுகளிலும் திருத்தி எடுக்கும் பழைய வீடுகளிலும், பன்ரி மேடைக்கு, அதாவது குசினியின் வேலை மேடைக்கு, இப்போது அலையும் கோடும் ஓடுகிற கிரனைட் கல்லைத்தான் பலர் கேட்கிறார்கள். கல்லில் குறை இல்லை. அதற்குப் பின்னால் சுவரில் ஏறுகிற ரைல்ஸில்தான் காரியம் கெடுகிறது. மேடைக்கும் மேல் கபேட்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை முதல் இரண்டு அடி உயரமான ஒரு பட்டி மட்டுமே. ஆனால் குசினி வாசலில் நிற்பவரின் கண் முதலில் போவது அங்கேதான்.

முதல் பிழை வாங்குகிற ஒழுங்கில் நடக்கிறது. நிலத்துக்கு, குளியலறைக்கு, குசினிச் சுவருக்கு என்று எல்லா ரைல்ஸையும் ஒரே நாளில் ஒரே பில்லில் எடுத்துவிடுகிறார்கள். மேடைக் கல் இரண்டு மாதம் கழித்து வருகிறது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ரைல்ஸை எந்த நிறத்திலும் தேடிப் பிடிக்கலாம், கல்லை அப்படிப் பிடிக்க முடியாது. கடையில் கிரனைட் என்று விற்கிற கோலக் கற்களில் பல, நிலவியலாளர் நைஸ் (gneiss), மிக்மடைட் (migmatite) என்று சொல்கிற உருமாறிய பாறை வகைகள். பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் கனிமங்கள் பிரிந்து மடிந்ததால்தான் அந்த அலை. ஆகவே ஒரே பெயரில் வருகிற இரண்டு பலகைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. பெயர் வியாபாரிகள் வைத்தது, அதை நம்பி ரைல்ஸ் எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வெட்டப்போகிற பலகையை நேரில் பாருங்கள்.

கல் வெட்டுகிறவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: சிங்குக்காக அறுத்து எடுக்கிற துண்டு. ஏறக்குறைய ஒன்றரைக்கு இரண்டு அடி வரும். அலை, கோடு, புள்ளி எல்லாம் அதிலே இருக்கும். முழுத்துண்டும் பாரமென்றால் ஓர் அடிக்கு வெட்டித் தரச் சொல்லலாம். அதைத் தூக்கிக்கொண்டு ரைல்ஸ் கடைக்குப் போவதுதான் சரி. கனடாவிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்து நிறம் முடிவு செய்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். கைபேசித் திரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டும் என்பது மகளுக்கும் தெரியும், அவசரத்தில் மறந்துவிடும்.

கல்லில் பொதுவாக மூன்று அடுக்கு நிறம் இருக்கும். அடியில் பரந்து கிடக்கும் நிறம் ஒன்று, அதன்மேல் ஓடுகிற அலை அல்லது கோட்டின் நிறம் ஒன்று, அங்கங்கே தெறித்த சிறு புள்ளி ஒன்று. கடையில் ஆட்களைக் கவர்வது மூன்றாவது. கல்லில் சிவப்புப் புள்ளி இருக்கிறதே என்று சிவப்பு ரைல்ஸ் எடுத்தால், நூற்றில் ஐந்து பங்கு இருந்த நிறம் சுவர் முழுக்க ஏறிக் கல்லையே அமுக்கிவிடும். சுவருக்கு எடுக்க வேண்டியது அடி நிறம். அதிலும் ஒரு படி வெளிறியது.

அடி நிறம் மஞ்சள் சாயலா, சாம்பல் சாயலா என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கு ஒரு வெள்ளைக் கடதாசி போதும். புதிய ஏ4 தாளைக் கல்லின் மேல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை என்று நினைத்த கல் தாளுக்குப் பக்கத்தில் பாலாடை நிறமாகத் தெரிந்தால், தூய வெள்ளை ரைல்ஸ் அதற்கு ஆகாது. தாளுக்குப் பக்கத்தில் நடந்ததே சுவரிலும் நடக்கும், கல் கழுவாத கல்போல நிற்கும். பொன்னும் மண்ணிறமும் கலந்து ஓடுகிற கற்களுக்குப் பாலாடை வெள்ளையோ வெளிர் மண்ணிறமோ சரி. வெள்ளையில் கரும்சாம்பல் ஆறு ஓடுகிற கல்லுக்கு, சாம்பல் கலந்த மங்கல் வெள்ளை. சிவப்பு, ஊதா, சாம்பல் மூன்றும் முறுக்கிக் கிடக்கும் கல்லுக்குச் சாம்பலும் மண்ணிறமும் கலந்த நடுநிறம் எடுத்தால் மூன்றும் அடங்கி நிற்கும்.

கோலம் போட்ட கல்லுக்கு மேல் கோலம் போட்ட ரைல்ஸ் வேண்டாம். தேநீர்க் கோப்பையும் திராட்சைக் குலையும் அச்சிட்ட ரைல்ஸை நடுநடுவே வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. சாதாரண ஒற்றை நிறக் கல்லுக்கு அது எப்படியோ போகட்டும். அலை ஓடுகிற கல்லுக்கு மேல் அது கோயில் திருவிழாவில் இரண்டு மேளக் கச்சேரி ஒரே நேரத்தில் நடப்பதுபோலத்தான். சின்னச் சதுரங்கள் சேர்ந்த மொசைக்கிலும் இதே சிக்கல்தான், கோடு கூடக்கூடக் கண் ஓடிக்கொண்டே இருக்கும். மீன்முள் வடிவப் பதிப்பும் கல்லில் சரிவாக அலை ஓடினால் மோதும். 100க்கு 200 மில்லிமீற்றர் ரைல்ஸைச் செங்கல் கட்டுப்போலப் பதிக்கலாம். இல்லையென்றால் 300க்கு 600 ரைல்ஸை நிமிர்த்திப் பதிக்கலாம். மேல் கபேட்டுக்கு இடைவெளி 600 மில்லிமீற்றருக்கு ஒட்டி இருந்தால், நிமிர்த்திய ஒரு ரைல்ஸே மேலும் கீழும் எட்டிவிடும். படுத்த கோடே வராது. எண்ணெய் தங்குவது படுத்த கோட்டில் என்பதால் துடைக்கிறவருக்கும் இது இலகு.

மினுக்கம் பற்றியும் யோசிக்க வேண்டும். பளபளப்பான சுவர் ரைல்ஸ், மெருகிட்ட கல்லின் கோலத்தைத் தன்னுள்ளே காட்டும். ஒரு கோலம் இரண்டாகும். கபேட்டுக்கு அடியில் எல்.ஈ.டி. பட்டி போட்டால் அதன் ஒவ்வொரு புள்ளியும் சுவரில் தெரியும். முழுக்க மங்கலான சொரசொரப்பில் கறித்தூளும் எண்ணெயும் ஒட்டிப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில், பட்டுத்துணி மாதிரி இலேசான மினுக்கம் உள்ளதைக் கேளுங்கள். கறுப்பு, கடும் நீலம் இரண்டையும் சிங்குக்குப் பின்னால் போடவேண்டாம் என்பதற்கு நமது கிணற்றுத் தண்ணீரே காரணம். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவு விடும். வெளிர் நிறத்தில் அது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் எந்த ரைல்ஸையும் மாபிள் என்பார்கள். உண்மையான மாபிளைச் சுவருக்கு எடுக்கிறவர்கள் முதலில் ஒரு துண்டில் தேசிக்காய்ச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கட்டும். மினுக்கம் போன வட்டம் தெரியும். புளியும் தேசிக்காயும் புழங்குகிற அடுப்படிக்கு அது உகந்ததல்ல. மாபிள் போன்ற பீங்கான் ரைல்ஸில் இந்தச் சிக்கல் இல்லை.

மாதிரியை ஒன்று வாங்கி மேசையில் படுக்கவைத்துப் பார்ப்பது பார்ப்பதே அல்ல. கல்லைப் படுக்க வைத்து, ரைல்ஸை அதன் பின்னால் சுவரில் நிறுத்துங்கள். நாலைந்து ரைல்ஸ், இடையில் கோடு விட்டு. ஏழெட்டு அடி தள்ளி நின்று காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். கடையில் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) வெள்ளை விளக்கு. வீட்டில் 3000 மஞ்சள் விளக்கு போடப்போகிறீர்கள் என்றால் கடையில் சாம்பலாக இருந்தது இங்கே மண்ணிறமாகும்.

கோட்டில் நிரப்புகிற கிறவுட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ரைல்ஸையும் கெடுப்பது அதுதான். வெளிர் ரைல்ஸுக்குக் கறுப்புக் கிறவுட் போடுவது இப்போது நாகரிகம். ஒற்றை நிறக் கல்லுக்கு அது எடுபடும். கோலக் கல்லுக்கு மேல் சுவரில் வலை கட்டினதுபோல இருக்கும். ரைல்ஸின் நிறத்தைவிட ஒரு படி கூடின சாம்பலோ மண்ணிறமோ போதும். வெள்ளைச் சீமெந்தைக் கரைத்துத் தேய்த்துவிடுகிற பழைய முறையை அடுப்புக்குப் பின்னால் செய்யவேண்டாம். ஆலத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கிறதல்லவா, புதுச் சீமெந்துக் கோட்டில் மஞ்சள் தெறித்தாலும் அதே வேலைதான் நடக்கும், சீமெந்திலும் சுண்ணாம்புக் காரம் உண்டு. பிறகு உரைஞ்சினாலும் முழுதாகப் போகாது. அடுப்புக்குப் பின்னால் உள்ள மூன்றடிக்கு மட்டுமாவது எபொக்சி கிறவுட் (சீமெந்துக்குப் பதில் பிசினால் இறுகுவது) போடுங்கள். விலை கூட, கை வேகமும் வேண்டும், இறுகுமுன் துடைக்காவிட்டால் ரைல்ஸில் படலம் நிற்கும். ஆனால் மஞ்சளும் எண்ணெயும் எளிதில் ஊறாது. சீமெந்துக் கிறவுட் என்றால் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த கோட்டுக்கு மணல் இல்லாதது, அதற்கு மேல் மணல் கலந்தது. தண்ணீரைப் பைக்கட்டில் சொன்ன அளவுக்கு மேல் விட்டால் காய்ந்த பிறகு திட்டுத்திட்டாக வெளுக்கும். நிறத்தை ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள், ஒரு மட்டைத் துண்டில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள்.

அளவு கணக்கு: மேடை ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 6 அடி, உயரம் 2 அடி என்றால் 32 சதுர அடி. சிங்குக்கு மேல் 4 அடி அகல ஜன்னல் ஒன்றரை அடி உயரத்தை எடுத்துக்கொண்டால் 6 கழியும். அடுப்புக்கு மேல் புகைக்கூடு வரை இரண்டரை சதுர அடி கூடும். மொத்தம் 28.5, சேதத்துக்குப் பத்து வீதம் சேர்த்தால் 31.4 சதுர அடி. 100க்கு 200 ரைல்ஸ் என்றால் 146 வரும், 150 எடுக்கலாம். சரிவாகப் பதிப்பதானால் பதினைந்து வீதம் சேருங்கள். பெட்டிகள் எல்லாவற்றிலும் நிறத் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து ஏற்றுங்கள்.

பதிக்கும்போது மேடைக்கல் முதலில் அமர வேண்டும், ரைல்ஸ் அதன்மேல் நிற்க வேண்டும். கல்லிலேயே நாலு அங்குலப் பட்டி வெட்டிச் சுவரில் ஏற்றுகிற வழக்கத்தைக் கோலக் கல்லுக்கு நாம் சிபார்சு செய்யமாட்டோம். அலை அந்த மூலையில் அறுந்து இன்னொரு திசையில் தொடங்கும், கண்ணுக்கு உறுத்தும். கல்லைச் சுவரில் ஏற்றுவதானால் அடுப்புக்குப் பின்னால் முழு உயரத்துக்கும் ஏற்றுங்கள். 20 மில்லிமீற்றர் கிரனைட் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 54 கிலோ பாரம் என்பதை மேசனுக்கு முதலே சொல்லிவிட வேண்டும்.

சுவரில் பெயின்ற் இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தில் பொருமிய இடத்தை உடைத்துச் சீமெந்துப் பூச்சுப் பூசி, குறைந்தது இரண்டு கிழமை காயவிடுங்கள். தண்ணீர் உறிஞ்சாத போர்சலின் ரைல்ஸ் வெறும் சீமெந்துக் கூழில் பிடிக்காது, பொலிமர் சேர்ந்த பசை வேண்டும். மேலே சொன்ன அளவுக்கு 20 கிலோப் பை ஒன்று தாராளம். பல்லு வெட்டிய சாந்தகப்பையால் முழுப்பரப்பிலும் இழுக்க வேண்டும். ஐந்து இடத்தில் உருண்டை வைத்து அழுத்தினால் நடுவில் வெற்றிடம் நிற்கும், பிறகு கொழுக்கிக்கு ட்ரில் போடும்போது அங்கேதான் வெடிக்கும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்கும். ஜன்னல் பக்கத்திலிருந்து சரிந்து வருகிற வெயில் ஒரு ரைல்ஸ் அரை மில்லிமீற்றர் தூக்கி நின்றாலும் காட்டிக்கொடுக்கும், அதனால் மட்டக்கோலைத் தள்ளிவைக்க வேண்டாம். பிளக் பெட்டி இருக்கிற இடத்தில் ரைல்ஸும் பசையும் சேர்ந்து சுவர் 10 முதல் 15 மில்லிமீற்றர் முன்னுக்கு வந்துவிடும், பழைய திருகாணி எட்டாது. 3.5 மில்லிமீற்றர் தடிப்பில் 50 மில்லிமீற்றர் நீளத் திருகாணி முன்பே வாங்கி வையுங்கள்.

கல்லும் சுவரும் சேருகிற மூலைக்குக் கிறவுட் போடக்கூடாது. கபேட் மரமும் கல்லும் சுவரும் ஒன்றுபோல அசைவதில்லை, சில மாதத்தில் முடி இழைபோல வெடிக்கும், அதற்குள் தண்ணீர் இறங்கும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டுச் சிலிக்கன் அடியுங்கள். வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் வேண்டாம், அது மாபிளை அரிக்கும், உறிஞ்சும் கற்களின் ஓரத்தில் கறை விடும். நியூற்றல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் அசிட் விட்டுக் கழுவுகிற பழக்கத்தையும் அன்றைக்கு நிறுத்தி வையுங்கள். இரும்புக் கனிமம் உள்ள கிரனைட்டில் அது துருக்கறை கிளப்பும், கிறவுட்டையும் அரிக்கும். பதிக்கும் நாள் முழுக்கக் கல்லின் மேல் மட்டைப்பெட்டியை விரித்து ஒட்டி வையுங்கள்.

மிஞ்சிய ரைல்ஸில் ஆறேழையாவது கொடுத்துவிடாமல் வையுங்கள். தொகுதி இலக்கம் அச்சடித்த பெட்டித் துண்டையும் அதோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
கல், ரைல்ஸ் வேலை செய்வோர் சிலர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.