தபால் நிலையமாக இருந்த ஃபுல்லர்ட்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் என்றதும் தூண்களின் அழகைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். 1928இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் உயிர் தலைமைத் தபால் நிலையம்தான். அதன் சேவை முகப்பு ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். வெளிநாட்டுக் கடிதங்கள் ஃபுல்லர்ட்டன் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வழியே படகுத்துறைக்குப் போய்க் கப்பலேறின. தீவின் சாலைத் தொலைவுகள் இங்கிருந்துதான் அளக்கப்பட்டன. 1958 முதல் 1979 வரை கூரையில் கலங்கரை விளக்கமும் எரிந்தது!

2001இல் 400 அறைகளோடு ஹோட்டலானது. அலுவலகத்தை ஹோட்டலாக்கும் எவருக்கும் பெரிய தலைவலி தண்ணீர்தான். அலுவலகத்தில் மாடிக்கு ஓரிரு இடங்களில் கழிவறை இருந்தால் போதும். ஹோட்டலில் அறைக்கு ஒன்று வேண்டும். குழாய் இறக்கப் பழைய தளத்தைத் துளைத்தாக வேண்டும். துளையைச் சுற்றி நீர்க்காப்பு சரியில்லையென்றால் கசிவு பொய்க்கூரைக்கு மேலே மறைந்தே பரவும். தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பெயரும். கீழே கறை தெரியும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். குளியலறைகளை மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் துளைகள் குறையும். குழாய்த் தடத்தில் திறந்து பார்க்கச் சிறு கதவுகளும் கட்டாயம் வேண்டும்.

2015இல் இக்கட்டடம் தேசிய நினைவுச்சின்னமானது மகிழ்ச்சி. இப்படி மாற்றப்படும் ஒவ்வொரு கட்டடத்திலும், எந்தக் கூடத்தில் என்ன வேலை நடந்தது என்று காட்டும் பழைய தள வரைபடத்தை வரவேற்பறையிலேயே மாட்டிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கட்டடப் பாதுகாப்பில் ஆர்வமுள்ள வாசகர்கள்