ஸ்நாப்-எட் முடிஞ்சது, உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் சார்புல இங்கிலீஷ்ல ஒரு நன்றி லெட்டர் ஏற்கனவே போயிருச்சு, லோகோ எல்லாம் போட்டு அழகா தான் இருந்துச்சு, ஆனா உங்க எல்லாரையும் "பங்குதாரர்கள்"னு ஒரே வார்த்தைல அடக்கிட்டாங்க. எனக்கு அது பத்தல. சனிக்கிழமை காலைல தூக்கத்த விட்டுட்டு வந்து வெங்காயம் நறுக்குனதுல பாதிப் பேரு நம்ம ஆளுங்க, அதான் தமிழ்லயே தனியா எழுதுறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு மளிகை வாங்க கவர்மென்ட் கார்டுல பணம் போடுற திட்டம் தான் ஸ்நாப், 2008 வரைக்கும் ஃபுட் ஸ்டாம்ப்னு சொல்லுவாங்க. அதோட ஒட்டி இருந்த சின்ன தம்பி மாதிரி தான் ஸ்நாப்-எட், அதாவது அந்தக் காசுல நல்ல சாப்பாடா எப்படி வாங்கறது, எப்படி சமைக்கறதுன்னு கத்துக்குடுக்கற வேலை. 1992ல ஏழு மாநிலத்துல ஆரம்பிச்சது, அப்புறம் நாடு முழுக்க வந்து, 2010ல ஒரு சட்டம் போட்டு முழு மானியமா மாத்துனாங்க. போன வருஷம் 2025 ஜூலை 4 அன்னிக்கு கையெழுத்தான சட்டத்துல அந்த மானியத்த எடுத்துட்டாங்க, செப்டம்பர் 30ஓட புதுப் பணம் நின்னு போச்சு. கையில மிச்சம் இருந்த மாநிலங்கள் அத வச்சு கொஞ்ச நாள் ஓட்டலாம்னாங்க, எங்க பக்கம் மிச்சம்னு பெருசா ஒண்ணும் இல்ல, லேப்டாப்பையும் சாவியையும் திருப்பிக் குடுக்கறதுக்கே அது சரியா இருந்துச்சு.

மொத்த நாட்டுக்கும் சேத்து இந்த மானியம் 2025ல சுமார் 53 கோடி டாலர். கேக்க பெருசா தான் இருக்கும், ஆனா ஸ்நாப் திட்டமே வருஷத்துக்கு கிட்டத்தட்ட 10,000 கோடி டாலர், அப்போ நூறு டாலர் சாப்பாட்டுக்குக் குடுத்தா அத எப்படி சமைக்கறதுன்னு சொல்லித்தர அம்பது சென்ட்னு வச்சுக்கோங்க. இதால பலன் இருக்குன்னு காட்ட முடியலன்னு நிறுத்துனாங்க. அந்தக் குறைய நான் முழுசா மறுக்கவும் மாட்டேன், 2019லயே ஜிஏஓங்கற கவர்மென்ட் ஆடிட்காரங்க, பலன் இருக்கா இல்லையான்னு சரியா அளக்கவே இல்லன்னு ரிப்போர்ட் எழுதுனாங்க. நாங்க குடுத்த சர்வே உங்களுக்கே ஞாபகம் இருக்கும், கட்டைவிரல் நீளத்துல பென்சில் ஒண்ணக் குடுத்து "நேத்து எத்தன தடவ காய்கறி சாப்பிட்டீங்க"ன்னு கேப்போம், சமையல் சொல்லிக்குடுத்த டீச்சர் எதிர்ல நிக்கும்போது எவன் சைபர்னு டிக் அடிப்பான். அளவுகோல் சரியில்லன்னா அளவுகோல மாத்தணும், துணியவே தூக்கிப் போட்டா எப்படிங்கறது தான் என் கேள்வி. சரி விடுங்க, நன்றி சொல்ல வந்துட்டு பஞ்சாயத்து பேசிட்டு இருக்கேன்.

முதல்ல லைப்ரரி மேடத்துக்கு. அஞ்சு வருஷமா கீழ் ரூம வாடகை இல்லாம குடுத்தாங்க, புக்குங்க நடுவுல பூண்டு வாசனை வருதுன்னு ரெண்டு மூணு பேர் கம்ப்ளைன்ட் பண்ணப்பவும் சிரிச்சுட்டே சமாளிச்சாங்க, ஒரு தடவ மட்டும் ஸ்மோக் அலாரம் அடிச்சு மொத்தக் கட்டடமும் வெளிய நின்னுச்சு, அது என் தப்பு தான், எண்ணெய காய வச்சுட்டு பேச்சு சுவாரஸ்யத்துல இருந்துட்டேன்.

ஸ்கூல் கிச்சன்ல இருந்த அக்காவுக்கு. மானியக் காசுல ருசி பாக்க ஒரு வாய் குடுக்கலாம், முழுச் சாப்பாடு போடக் கூடாதுங்கறது ரூல், அதனால எல்லாமே மருந்துக் கப் சைஸ்ல தான் போகும், பசங்க இன்னொண்ணு கேட்டா எனக்கு சங்கடமா இருக்கும். அடுத்த வாரமே அந்த அக்கா அதே பீன்ஸ் சாலட்ட லஞ்ச் மெனுல சேத்துட்டாங்க, யாரும் சொல்லாமலே. எங்க ரிப்போர்ட்ல அத போட ஒரு கட்டம் இருந்துச்சு, நான் தான் கடைசி வரைக்கும் ஒழுங்கா நிரப்பல, மன்னிச்சுக்கோங்க அக்கா.

அந்த ஸ்கூல்ல ஒரு நாள் நடந்தது. 20 அவுன்ஸ் சோடா பாட்டில வச்சுட்டு லேபிள படிக்கச் சொன்னேன், 65 கிராம் சர்க்கரை, நாலு கிராம் ஒரு டீஸ்பூன், பசங்க சத்தமா எண்ணிட்டே ஒரு ஜிப்லாக் கவர்ல போட ஆரம்பிச்சாங்க, எட்டு வரைக்கும் ஒரே சிரிப்பு, பன்னெண்டு தாண்டுனதும் சத்தம் கொறைஞ்சு போச்சு, பதினாறுல நிறுத்துனப்போ ஒரு பையன் கவரத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டே இருந்தான். முடிஞ்சதும் கிட்ட வந்து, இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா, அப்பா நைட்டு லாரி ஓட்டும்போது ரெண்டு பாட்டில் குடிப்பாருன்னு கேட்டான். குடுத்தேன். அதுக்கப்புறம் அப்பா குறைச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது, சர்வேல அதுக்கு இடமும் கிடையாது.

சனிக்கிழமை டீமுக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல. ஐடி கம்பெனில டீம் லீடா இருக்கற அண்ணன் எங்ககிட்ட வந்து உருளைக்கிழங்கு தோல் சீவுனாரு, அவரு பொண்ணு பத்தாவது படிக்குது, வாலண்டியர் ஹவர்ஸ்க்காக வந்துட்டு ஹவர்ஸ் முடிஞ்ச பிறகும் வந்துச்சு. ஊர்ல இருந்து ஆறு மாசம் வந்திருந்த எங்க அம்மா கேல் கட்ட பாத்து "இது என்னடி, கீரை தான, இதுக்கு எதுக்கு இத்தன பில்டப்பு"ன்னு அரிஞ்சு தள்ளுனாங்க. வீட்டுக்காரருக்கு, பத்து கட்டிங் போர்ட ராத்திரி ராத்திரி கழுவுனதுக்கு, நன்றி.

அப்புறம் வடிகட்டி அக்கா. உங்களத் தான் சொல்றேன், பேர் போட்டா திட்டுவீங்க.

இல்லாதவங்களுக்கு மளிகை இலவசமா குடுக்கற உணவு வங்கிக்கு வர்றதுல பாதி டின் பீன்ஸ், உப்பு ஜாஸ்தி, தண்ணிய வடிச்சுட்டு நல்லா அலசுனா சுமார் 40 சதவீதம் உப்பு போயிரும், இவ்ளோ தான் பாடம். ஆனா அலசிக் காட்ட பெரிய வடிகட்டி இல்ல, வாங்கணும்னா மூணு பேரு கையெழுத்து போடணும். மறுநாளே நீங்க வீட்ல இருந்து எவர்சில்வர் வடிகட்டி ஒண்ணு கொண்டு வந்தீங்க, கல்யாண சீர்ல வந்தது, விளிம்புல உங்க அம்மா பேரும் தேதியும் வெட்டியிருக்கும். திட்டத்த மூடும்போது சாமான் கணக்கு எடுக்க ஒருத்தரு வந்தாரு, இன்டக்‌ஷன் அடுப்பு, பிளெண்டர், கத்தி ஒவ்வொண்ணா ஸ்டிக்கர் பாத்து டிக் அடிச்சவரு, வடிகட்டிய திருப்பித் திருப்பி பாத்துட்டு, இந்த சீரியல் நம்பர் லிஸ்ட்ல வரலயேன்னாரு. அது நம்பர் இல்ல சார், ஒரு அம்மாவோட பேருன்னேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் லிஸ்ட்ல எதுவும் எழுதாம தனியா எடுத்து வச்சுட்டாரு.

உங்ககிட்ட திருப்பிக் குடுக்கணும்னு தான் போன வாரம் உணவு வங்கிக்குப் போனேன். நம்ம போர்டு, பேனர் எல்லாம் கழட்டியாச்சு. பின்பக்கம் சிங்க்குல, முன்னாடி பஸ் ஓட்டிட்டு இருந்த அந்த தாத்தா தனியா நின்னு, உங்க வடிகட்டில ராஜ்மா டின்ன கொட்டி, நாம சொல்லிக்குடுத்த மாதிரியே நுரை போற வரைக்கும் அலசிட்டு இருந்தாரு, பக்கத்துல ரெண்டு பேரு பாத்துட்டு நின்னாங்க. எனக்குக் கேக்க மனசு வரல அக்கா. அம்மாகிட்ட ஏதாவது சொல்லி சமாளிச்சுக்கோங்க, அடுத்த தடவ ஊருக்குப் போறப்போ அதே மாதிரி ஒண்ணு பேர் வெட்டி வாங்கிட்டு வரேன்.