சவாரிக்கு பாரவண்டில் ஆரும் கட்டுறேல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கட பேப்பரில ஞாயிற்றுக்கிழமை வாற வாகனப் பக்கத்தை விடாம பாக்கிற ஆள் நான், அதால தான் இதை எழுதுறன். போன கிழமை ஒரு சின்னக் காருக்கு 17 இஞ்சி அலாய் சில்லு பூட்டின படத்தை அரைப் பக்கத்துக்கு போட்டிருந்தியள். வடிவு தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தப் படத்தை பாத்துப்போட்டு எங்கட வன்னிப் பெடியள் அடுத்த நாள் எந்தக் கடைக்கு ஓடுவாங்கள் எண்டு எனக்கு தெரியும், ஏனெண்டா அதே வேலையை நானும் காசு குடுத்து செய்து பாத்திட்டன்.

என்ர கார் ரொயோட்டா ஆக்சியோ 165. கம்பனி அதுக்கு போட்டு விட்டது 15 இஞ்சி றிம், 175/65 ரயர். நான் வாங்கி ஒரு வருசத்தில அதை கழட்டிப்போட்டு 17 இஞ்சி றிம்மும் 205/40 ரயரும் பூட்டினன். சில்லு பெரிசானா காரும் கொஞ்சம் உயரும், கிடங்குக்கு நல்லது எண்டு ஒரு நினைப்பு வேற. பிறகு ஒருநாள் கொப்பியில கணக்கு போட்டு பாத்தா சிரிப்பு வருது. அந்த 65 எண்ட இலக்கம் ரயரின்ர அகலத்தில எத்தினை வீதம் பக்கச்சுவர் உயரம் எண்டதை சொல்லுறது, 175 இல 65 வீதம் எண்டா 114 மில்லிமீற்றர் வரும், 205 இல 40 வீதம் எண்டா 82 தான் வரும், அப்ப றிம் பெரிசானாலும் முழுச் சில்லையும் அளந்தா பழசு 608 மில்லிமீற்றர், புதுசு 596. கார் 6 மில்லிமீற்றர் பதிஞ்சது தான் மிச்சம். றிம்முக்கும் றோட்டுக்கும் நடுவில இருந்த றப்பரில 32 மில்லிமீற்றரையும் காசு குடுத்து குறைச்சிருக்கிறன்.

அது போன மாரியில, விளக்கீட்டுக்கு முதல்நாள் ராத்திரி. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு றோட்டால வந்து, ஒட்டுசுட்டானுக்கு இஞ்சால வீட்டுப்பக்கம் போற கிறவல் றோட்டில இறங்கினன். பகல் முழுக்க மழை, கிடங்கெல்லாம் வெள்ளம் நிண்டு றோட்டோட மட்டமா இருக்கு, எது ஆழம் எது மேடு எண்டு லைற் வெளிச்சத்தில ஒண்டும் தெரியாது. முன் இடது சில்லு ஒண்டுக்க விழுந்திது. நான் ஓடினது 30 கூட வராது, ஆனா விழுந்த சத்தம் அலவாங்கால கல்லில அடிச்ச மாதிரி. இறங்கி போன் லைற்றை அடிச்சு பாத்தா ரயரின்ர பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு பிளந்து உள்நூல் தெரியுது, றிம்மின்ர உள்விளிம்பு அலுமினியச் சட்டி நெளிஞ்ச மாதிரி நெளிஞ்சு, வெடிச்சும் போய் கிடக்குது. அது யானை கடக்கிற இடம், அந்த நேரத்தில அதில நிண்டு சில்லு மாத்தினவனுக்கு தான் அந்தப் பயம் தெரியும். நல்ல காலம், டிக்கிக்க பழைய 15 இஞ்சிச் சில்லு ஒண்டு ஸ்பெயாரா கிடந்திது, அதை பூட்டி ஊர்ந்து வந்து சேந்தன். அடுத்த நாள் ரயர் கடைக்கார அண்ணை றிம்மை திருப்பி திருப்பி பாத்திட்டு, "தம்பி, பெரிய றிம் போட்ட ஆக்களால தான் இந்த மாரியில என்ர கடை ஓடுது" எண்டார். அவர் பகிடிக்கு சொல்லேல்லை. இன்னொரு கடையில அந்த வெடிப்பை வெல்ட் பண்ணி தாறம் எண்டினம், நான் விடேல்லை. அலாய் றிம்மை வெல்ட் பண்ணி அதை நம்பி பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகேலாது.

பக்கத்து வளவில நெல்லு நிறுக்கிற தராசு இருக்கு. ரெண்டு சில்லையும் ரயரோட ஏத்தி பாத்தன். 15 இஞ்சி 14 கிலோ, 17 இஞ்சி 19 கிலோ. நாலு சில்லுக்கும் 20 கிலோ, அரிசி மூட்டை ஒண்டை காரில ஏத்தினா இதை விட கூடத் தானே எண்டு நீங்கள் கேக்கலாம். ஆனா அரிசி மூட்டை ஸ்பிறிங்குக்கு மேல இருக்கிற பாரம், சில்லு கீழ தொங்குற பாரம். கிறவலில ஒரு கல்லு பாரமான சில்லை மேல எத்தி விட்டா அது திரும்ப நிலத்தை பிடிக்க சுணங்கும், அந்த நேரத்துக்குள்ள நீங்கள் பிறேக்கை என்ன உழக்கு உழக்கினாலும் ஒண்டும் நடக்காது. ஷொக்குக்கும் புஷ்சுக்கும் அடி கூட. அதை விட, சில்லை தள்ளவும் வேணும் சுத்தவும் வேணும், அதால விளிம்பில இருக்கிற ஒரு கிலோ கார் வேகம் எடுக்கேக்க கிட்டத்தட்ட ரெண்டு கிலோ மாதிரி இழுக்கும். சின்ன வயசில சைக்கிள் ரயரை தடியால தட்டி உருட்டின ஆக்களுக்கு நான் இதை விளங்கப்படுத்த தேவையில்லை, வண்டில் சில்லின்ர இரும்புப் பட்டையை ஒருக்கா அப்பிடி உருட்டி பாத்திருந்தா சரி.

மொன்றியலில இருக்கிற என்ர மச்சானுக்கு இதை சொல்ல, அவர் சிரிச்சுப்போட்டு தங்கட கதையை சொன்னார். கியூபெக் மாகாணத்தில டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரைக்கும் பனிக்கால ரயர் இல்லாம ஓடேலாது, சட்டம். அவரின்ர கொறோலாவுக்கு கோடையில 16 இஞ்சி 205/55, பனி தொடங்க 15 இஞ்சி 195/65 ரயர் பூட்டின வேற நாலு சில்லு. ரெண்டையும் அளந்தா முழு உயரம் 632, 634.5 மில்லிமீற்றர், அதால வேகம் காட்டுற மீற்றர் பிழைக்காது. ஏன் சின்னன் எண்டு கேட்டன். ரயர் ஒடுக்கமா இருந்தா இளகின பனியை வெட்டிக்கொண்டு கீழ போய் றோட்டை பிடிக்கும், அகல ரயர் மேல மிதக்கும். பனிக்கு கீழ கிடங்கு ஒளிச்சிருக்கும், பக்கச்சுவர் உயரமா இருந்தா றிம் தப்பும். 15 இஞ்சி ரயர் விலையும் குறைவு. இந்த மூண்டில எது எங்களுக்கு பொருந்தாது சொல்லுங்கோ? பனியை எடுத்துப்போட்டு சேறு எண்டு வாசியுங்கோ. வயலுக்க இறங்கின உழவு மிசினின்ர முன் சில்லு ஏன் ஒடுக்கமா இருக்கு எண்டு யோசிச்சு பாருங்கோ. ஏ9 இல கொட்டுற மழைக்க ஓடேக்கயும் அப்பிடித்தான், அகல ரயருக்கு கீழ இருந்து வெள்ளத்தை தள்ளி விடுறது கஸ்டம், வேகம் கூடினா கார் வெள்ளத்துக்கு மேல ஏறி வழுக்கும், ஸ்ரேரிங் வெறுமையா சுத்தும்.

மச்சானின்ர கதையை கேட்டிட்டு பனி ரயரை வாங்கி பூட்டிப்போடாதேங்கோ, அதுவும் நடக்குது. யப்பானில இருந்து வாற பாவிச்ச கார், பாவிச்ச ரயர் சிலதில ஸ்டட்லெஸ், அதாவது ஆணியில்லாத பனி ரயர், எண்டு அடிச்சிருக்கும், பூ நல்லா இருக்கும், விலையும் மலிவா சொல்லுவினம். அது 7 பாகைக்கு கீழயும் இறுகாம இருக்க வேணும் எண்டு செய்த மென்மையான றப்பர். எங்கட வெயிலுக்கு கெதியா தேயும், மழை றோட்டில பிறேக் பிடிச்சா சாதாரண ரயரை விட தள்ளி போய் தான் நிக்கும்.

இனி பந்தயக் கதை. சின்னச் சில்லு எண்டா கிழவன்ர கார், பெரிய சில்லு எண்டா றேஸ் கார் எண்டு தான் பெடியள் நினைக்கிறாங்கள். உலக றலி ஓட்டத்தில தார் றோட்டுக்கு 18 இஞ்சி போடுவினம், உண்மை, பெரிய பிறேக் தட்டுக்கு இடம் வேணும், வளைவில ரயர் நெளியக் கூடாது. அதே காரை கிறவலிலயும் பனியிலயும் இறக்கேக்க 15 இஞ்சி. சுவீடன் பனியில ஓடேக்க ஆணி அடிச்ச ஒடுக்கமான ரயர். போமுலா வண் 18 இஞ்சி தானே எண்டு ஒருத்தன் என்னோட வாதாடினான், அது 2022 இல வந்தது, அதுக்கு முதல் எத்தினையோ வருசமா 13 இஞ்சி. மச்சானும் கோடையில ஞாயிறுகளில ஒரு பெரிய கார் பார்க்கில கூம்பு வைச்சு நேரம் பாக்கிற ஓட்டத்துக்கு போறவர், அங்க அவர் போடுறதும் பாரம் குறைஞ்ச 15 இஞ்சி தான். வேகமே 60, 70 ஐ தாண்டாத ஓட்டம், நிண்ட நிலையில இருந்து இழுத்து, பிடிச்சு, திருப்பி, திரும்ப இழுக்கிற வேலை, அதில ஒவ்வொரு கிலோவும் கணக்கு. வவுனியாவில இருந்து ஒரு மணித்தியாலம் போனா அனுராதபுரத்துக்கு கிட்ட சாலியபுரம், கஜபா சுப்பர்குறொஸ் எண்ட பந்தயம் நடக்கிற இடம், அங்க போய் மண்ணில ஓடுற கார் என்ன சில்லில நிக்குது எண்டு பாத்திட்டு வாங்கோ. (2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில கார் பாய்ஞ்சு 7 பேர் செத்ததை மறந்து போய் நான் பந்தயத்தை புகழுறன் எண்டு நினைக்காதேங்கோ. பாதுகாப்பு பற்றி வேற ஒரு கடிதமே எழுத வேணும்.) ஏன் அவ்வளவு தூரம், எங்கட மாட்டுவண்டில் சவாரிக்கு ஆராவது பாரவண்டிலை கட்டிக்கொண்டு திடலுக்கு வந்து கண்டிருக்கிறியளோ? இந்த விசயம் எங்கட ஐயாமாருக்கு எப்பவோ தெரியும்.

நான் இப்ப திரும்பவும் 15 இஞ்சி. யப்பானில இருந்து வந்த பாவிச்ச அலாய் ஒரு செற் வாங்கினன், வாங்கேக்க பட்ட பாட்டில படிச்சதையும் சொல்லுறன். என்ர காருக்கு நாலு நட்டு, அந்த நாலும் நிக்கிற வட்டத்தின்ர குறுக்களவு 100 மில்லிமீற்றர், நடு ஓட்டை 54.1. நடு ஓட்டை பெரிசா இருந்தா வளையம் போட வேணும், இல்லாட்டி 80 இல ஸ்ரேரிங் நடுங்கும், கடைக்காரர் பலன்ஸ் பிழை எண்டு திரும்ப திரும்ப காசு வாங்குவார். றிம்மில ஜே.டபிள்யூ.எல் எண்ட யப்பான் தர முத்திரை இருக்கோ பாருங்கோ, இருந்தாலும் போலி இருக்கு, அதால தட்டி, தூக்கி, பின்பக்கம் வெடிப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ. ரயரில நாலு இலக்கம் இருக்கும், 3522 எண்டா 2022 ஆம் ஆண்டின்ர 35 ஆவது கிழமை. சின்னன் நல்லது எண்டு கண்டபடி இறங்கவும் ஏலாது, பிறேக் கலிப்பரில றிம் முட்டும், சில காருக்கு 16 க்கு கீழ ஒண்டும் ஏறாது. பூட்டிப்போட்டு கையால ஒருக்கா சுத்தி பாத்திட்டு தான் காசு குடுக்க வேணும். ரயரில இருக்கிற பாரம் தாங்கிற இலக்கமும் கம்பனி சொன்னதை விட குறையக் கூடாது.

ஆசிரியரிட்ட ஒண்டே ஒண்டு தான் கேக்கிறன். அடுத்த முறை பெரிய சில்லுப் படம் போடேக்க அதுக்கு கீழ அந்தச் சில்லு எத்தினை கிலோ எண்டதையும் போட்டு விடுங்கோ.

என்ர 17 இஞ்சி றிம் நாலும் கோழிக்கூட்டுக்கு மேல கிடக்குது. கேட்டு வாற பெடியளுக்கு விலை சொல்ல முதல் நெளிஞ்சதை எடுத்து காட்டுறன், இன்னும் ஒருத்தனும் வாங்கேல்லை.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாசகன்