சுட்டி யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர்கள் கணினியில் கூடி வரையும் பயிற்சியைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தொடக்க வகுப்புகளில் அதை நடத்திப் பார்த்தவள் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நான்கு பிள்ளைகளை ஒரு கணினியின் முன் அமர்த்திவிட்டால் அது கூட்டு வேலை ஆகிவிடாது. சுட்டி (மவுஸ்) ஒன்றுதான் என்றால் அதைப் பிடித்திருக்கும் பிள்ளை வரையும்; மற்ற மூவரும் "அங்கே போடு, இங்கே போடு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, சிறிது நேரத்தில் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தச் சிக்கல் புதிதன்று. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் 1990களிலேயே 'கிட்பேட்' என்ற சிறுவர் மென்பொருளில் ஒரே திரைக்குப் பல சுட்டிகளை இணைத்துப் பார்த்தனர். அதன் பிந்தைய வடிவத்தில் இரு குழந்தைகள் திரையில் உள்ள தங்கள் கிரேயான்களை அருகருகே கொண்டுவந்தால் இரண்டும் கலந்த புதிய நிறம் கிடைக்கும். தனியாக வரைய விரும்பும் குழந்தையை அது தடுக்கவில்லை; சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் ஒன்றை எதிரே வைத்தது, அவ்வளவுதான். நான் வகுப்பில் பயன்படுத்திய செயலிகளில் இத்தகைய யோசனை எதையும் காணவில்லை.

ஆளுக்கொரு கணினி கொடுத்து, எல்லாத் திரைகளிலும் தெரியும் ஒரே வரைபலகையில் வரையவிட்டால் வேறு தொல்லை வருகிறது. தன் கோட்டை அழிக்க எண்ணி ஒரு சிறுமி 'செயல்தவிர்' (Undo) பொத்தானை அழுத்த, தோழி அப்போதுதான் முடித்திருந்த குருவியின் சிறகு மறைந்துபோய், இருவருமே அழுதார்கள். அந்தப் பொத்தான் அழுத்தியவரின் கோட்டை நீக்குமா, பலகையில் கடைசியாக விழுந்த கோட்டை நீக்குமா என்பதை முன்பே சோதித்துப் பார்க்காதது என் பிழை.

எதை வரையச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். விரும்பியதை வரையச் சொன்னால் பலகையை நான்காகப் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிடுகிறார்கள். நீர்ச் சுழற்சியை வரையச் சொன்னபோதோ, நிலத்துக்குள் இறங்கிய மழைநீரின் அம்புக்குறியை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று இருவருக்குள் வாதம் மூண்டது. பாடத்தை ஒப்பித்தபோது எழாத ஐயம், கோடு போட வேண்டி வந்ததும் எழுந்துவிட்டது.

ஆனால் நாம் மதிப்பெண் இடுவது முடிந்த படத்துக்கு. அதில் அந்த வாதத்தின் சுவடே இராது. வரைந்த வரிசையை மீண்டும் ஓட்டிக் காட்டும் வசதியுள்ள செயலிகளைப் பற்றியும், அந்தப் பதிவைக் கொண்டு எப்படி மதிப்பிடலாம் என்பது பற்றியும் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்